கேமரா பதில் சொல்லவில்லை

எழுபதுகளின் நடுவில், சென்னையில் டெலிவிஷன் தொடங்கிய புதிதில், தயாரிப்பு உதவியாளராகச் சேர்ந்தேன். தற்காலிக வேலைதான். சில மாதங்கள் டைப் அடித்த பிறகு, விதை நெல்லைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு விவசாயியைப் பேசவைத்துப் படமெடுத்து வரச் சொன்னார் தயாரிப்பாளர். "ஒரு ரோல் ஃபிலிம்தான். வீணாக்கினா மறுபடி டைப் அடிக்கப் போயிடணும்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லும் மனிதர் இல்லை.

எனக்குத் தெரிந்த நல்ல விவசாயி, ஒக்கூரில் இருந்த என் அப்பா. அவருக்கோ மகள் பட்டணத்தில் தனியாக இருந்து வேலை பார்ப்பதே பிடிக்கவில்லை. நான் சென்னைக்குப் போனதிலிருந்து என்னிடம் சரியாகப் பேசுவதும் இல்லை. ஆனால் படமெடுக்க வருகிறோம் என்றதும், சலவை வேட்டி கட்டி, களத்தில் வாளித் தண்ணீர், உப்பு, முட்டை எல்லாம் எடுத்துவைத்துத் தயாராக நின்றார்.

கேமராவைப் பார்த்துப் பேசச் சொன்னோம். பார்த்தார். "வாங்க, வாங்க. எல்லாரும் சொகமா இருக்கீகளா?" என்றார். அவ்வளவுதான். ஃபிலிம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேசுங்கள் என்று கையாட்டினேன். "சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு மறுபடி நின்றார்.

நிறுத்தச் சொன்னேன். "ஏன்ப்பா நின்னுட்டீக?"

"கேட்டதுக்கு ஒரு பதிலும் வரல. நானாப் பேசிக்கிட்டே போனா கிறுக்கன்னு நெனைக்க மாட்டாகளா?"

"விசாரிக்காமலே பேச்ச ஆரம்பிங்கப்பா."

"வந்தவுகள விசாரிக்காமயா? நல்லா வளத்தேன் ஒன்னய!"

அடுத்த முறையும் அதே கதைதான். ரோலில் பாதி போய்விட்டது. என் வேலையும் அதோடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று அந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது? ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேமராவுக்கு அடியில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். "என்னையப் பாத்துச் சொல்லுங்க. நான் தலையாட்டுறேன்."

அதற்குப் பிறகு அப்பாவை யாரால் பிடிக்க முடியும்! முட்டை மிதக்கும்வரை தண்ணீரில் உப்பைக் கரைத்தார். நெல்லைக் கொட்டி, மேலே வந்த பதரை அள்ளி எறிந்தார். அடியில் தங்கியதுதான் விதை என்று காட்டி, உப்புப் போக அதை ஏன் அலச வேண்டும் என்பதையும் சொன்னார். ஒரு வார்த்தை தடுமாறவில்லை. நானும் விடாமல் தலையாட்டினேன்.

விதை முடிந்தது. பேச்சு முடியவில்லை.

"ஏ ஆத்தா, அங்குட்டு ஒன்னய நல்லா வச்சிருக்காகளா? புடிக்கலன்னா வந்துரு, யாரு என்ன சொல்லப்போறா. புடிச்சிருந்தா இரு. கேக்குறவுகளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

எனக்குத் தலையாட்ட வரவில்லை. கேமராமேன் ரோல் தீர்ந்துவிட்டது என்றார்.

சென்னையில் அதைப் போட்டுப் பார்த்தபோது தயாரிப்பாளர் பக்கத்தில் நின்றிருந்தேன். என் வீட்டுப் பேச்சு அங்கே கேட்டதில் கூச்சத்தால் செத்துப்போனேன். அவர் கடைசிவரை பார்த்தார். விதையோடு நிறுத்தி, மீதியை வெட்டச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"உங்க அப்பாவுக்கு இன்னிக்கே கடுதாசி போட்டுடு. இப்போதைக்கு நீ வரமாட்டேன்னு."