அண்ணனூருக்கு வந்த கடல்

இன்னிக்கு மத்தியானம் எங்க அண்ணனூர் கடலுக்குள்ள போயிடுச்சு.

ஆன்லைன்ல ஊர்ப்பட்ட பேர் சேர்ந்து, கட்டம் கட்டமா கலர் வெச்சு சென்னை மேப் வரையுறோம். யார் வெச்ச கட்டத்தையும் யார் வேணா மாத்தலாம். நான் மின்சார ரயிலுங்க ராத்திரி நிக்கிற எங்க ஊர் ஷெட்டை வரைஞ்சிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தா ஒரே நீலம்.

பெசன்ட் நகர்க்காரர் ஒருத்தர் கிழக்குல இடம் பத்தலைன்னு கடலை மேற்குல எங்க அண்ணனூர், பக்கத்து ஆவடி வரைக்கும் இழுத்து விட்டிருக்கார்.

சாட்ல கேட்டேன். "சென்னைன்னாலே பீச்தானே? அண்ணனூரெல்லாம் யாருக்குங்க தெரியும்?"ன்னார்.

சும்மா விடுறதா?

குமணன்சாவடி ஃப்ரெண்ட் ரியாஸுக்கு லிங்க் அனுப்பினேன். "இன்னா மச்சான், நம்ம ஏரியா மேல தண்ணி ஊத்திகினு கீறான்!"னு உள்ள வந்தான். அவர் ஒரு கட்டம் அழிச்சா நாங்க ரெண்டு வெச்சோம். ஷெட் திரும்ப எழுந்துச்சு, வாசல்ல ஒரு ரயிலோட.

"அந்த ரயில் எங்கதான் போகுது?"ன்னு எரிச்சலா கேட்டார்.

"உங்க பீச்சுக்குத்தான் சார், பீச் ஸ்டேஷனுக்கு. அங்க வர்ற ரயிலுங்க தினமும் தூங்கி எழுந்து வர்றது இங்கருந்துதான்."

அப்புறம் அவர் எங்க ஷெட்டைத் தொடல.

ஆனா ஆவடி இன்னும் தண்ணிக்குள்ளதான் கிடக்கு. ஆவடிக்காரங்களே, வரைய வர்றீங்களா, இல்ல நீச்சல் பழகிட்டீங்களா?