நான்கு டாக்டர்களும் ஒரு வைத்தியநாதரும்

சிறுநீரக மருத்துவம் என்பது பாதி படிப்பு, பாதி "பார்ப்போம்".

காலையில் ராஜபாளையத்திலும், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நான் இந்தத் தொழிலைப் பார்க்கிறேன். வாசகர்களே, டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டும்போது அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று எதிர் நாற்காலியில் தவித்திருப்பீர்கள். எங்கள் நாற்காலியிலும் அதே தவிப்புதான். குஷன் மட்டும் கொஞ்சம் கூடுதல். செல்வி விஷயத்தில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், உங்களுக்கே புரியும்.

நூற்றுக்கு எத்தனை?

செல்வி செட்டியார்பட்டிக்காரி. வீட்டிலேயே நைட்டி தைக்கிறாள். கணவர் முருகேசன் துணி வெட்டிக் கொடுப்பார். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அப்போதுதான் மூன்றாம் மாசம். முகம் உப்பியிருந்தது. மசக்கை என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்க, காலும் உப்பி, சிறுநீரில் நுரைநுரையாகப் புரதம் போய்க்கொண்டிருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவளுடைய சிறுநீரகத்தைத் தாக்கிக்கொண்டிருந்தது.

இதற்கு நல்ல மருந்து உண்டு; ஆனால் அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. பிள்ளைக்கு ஆகிற மருந்தும் உண்டு. ஆனால் இவ்வளவு முற்றிய நோயை அது அடக்குமா என்று அடித்துச் சொல்ல ஆளில்லை. கர்ப்பிணிகளை வைத்து யார் மருந்துச் சோதனை நடத்துவார்கள்? ஆக, வழி இரண்டு. கருவைக் கலைத்துவிட்டு நல்ல மருந்தைக் கொடுக்கலாம். அல்லது கருவை வைத்துக்கொண்டு இருக்கிற மருந்தோடு மல்லுக்கட்டலாம். இரண்டாவதில் தோற்றால் செல்விக்கு ஆயுசுக்கும் டயாலிசிஸ். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம்.

அந்த இரண்டாவது மருந்து நூறு பேருக்குக் கொடுத்தால் எத்தனை பேருக்குக் கேட்கும் என்று முருகேசன் கேட்டார். தெரியவில்லை என்றேன். சொல்லும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் விடவில்லை. "தெரியலைன்னுதான சொல்லுதிய டாக்டரம்மா, முடியாதுன்னு சொல்லலைல்லா?"

மூன்று போன்கள்

சந்தேகம் வந்தால் டாக்டர்களும் உங்களைப் போலத்தான், இன்னொரு டாக்டரைக் கேட்போம். மதுரையில் இருக்கும் என் பேராசிரியருக்குப் போன் போட்டேன். "தாயை முதல்ல காப்பாத்து, கரு வேண்டாம்" என்றார். சென்னையில் இருக்கும் தோழியைக் கேட்டேன். இப்படி இரண்டு மூன்று பேரைக் கரையேற்றியிருக்கிறாளாம், தைரியமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள். கரையேறாதவர்கள் உண்டா என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றிவிட்டாள்.

கடைசியாக, ராஜபாளையத்தில் செல்விக்குப் பிரசவம் பார்க்கவேண்டிய மகப்பேறு மருத்துவர். என்னைவிட மூத்தவர், யாருக்கும் பயப்படாதவர். நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு குரல் இறங்கிப்போய்ச் சொன்னார். "நீ எந்த முடிவு வேணா எடு. கலைக்கணும்னு நீ சொன்னா மட்டும், அன்னைக்கு நீயும் வந்து அவ பக்கத்துல நில்லு."

சிவப்பும் வெள்ளையும்

வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கிளினிக்குக்குச் செல்வியின் மாமியார் ராமலட்சுமி தனியாக வந்தார். நெற்றி நிறைய விபூதி. மடவார் வளாகத்தில் வைத்தியநாதரிடம் பூக்கட்டிப் பார்த்துவிட்டு நேராக வருகிறாராம். பெற்ற தாய் வந்து சேர முடியாத பெண்ணுக்குத் தாய் உருவில் வந்து பிரசவம் பார்த்த சாமி அவர். எங்கள் பக்கத்து மகப்பேறு மருத்துவர்களுக்கெல்லாம் சீனியர். சிவப்புப் பூ ஒன்று, வெள்ளைப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் பொதிந்து சந்நிதியில் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பது வழக்கம். நான் மூன்று போன் போட்டதும் கிட்டத்தட்ட அதேதான் என்பதால், கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை.

என்ன பூ வந்தது என்று கேட்கவே எனக்குப் பயம். ஏழு வருஷமாகப் பேரப்பிள்ளைக்குத் தவம் கிடந்த மனுஷி. வெள்ளை என்றால் பிள்ளை, சிவப்பு என்றால் மருமகள் என்று நினைத்துக் கட்டினாராம். சிவப்பு வந்தது என்றார். முகத்தில் வருத்தம் தெரியுமென்று பார்த்தேன், தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னார். "வெள்ளை வந்திருந்தாலும் நான் உங்ககிட்ட செவப்புன்னுதான் சொல்லியிருப்பேன் டாக்டரம்மா. அவட்ட சொல்லிப்புடாதிய."

ஓட்டுத்தையல்

எல்லோரையும் கேட்டாயிற்று, சம்பந்தப்பட்டவளைத் தவிர. மறுநாள் செல்வியை மட்டும் உட்காரவைத்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். பிள்ளை வேண்டும் என்றாள். சரி, பிள்ளைக்கு ஆகிற மருந்தை ஒரு மாசம் கொடுத்துப் பார்ப்போம். புரதம் குறையாவிட்டால், இரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற உப்பு ஏறினால், அதற்கப்புறம் என் பேச்சைக் கேட்கவேண்டும் என்றேன். புத்தகத்தில் இந்த ஒரு மாசக் கணக்கு எங்கேயும் இல்லை. நானாகப் போட்ட கெடு.

செல்வி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள். எனக்குக் கண் கலங்கியதைக் கவனித்துவிட்டாள் போல. "நாங்களும் மொதல்ல லேசா ஓட்டுத்தையல் போட்டுத்தான் பாப்போம். பிரிக்கணும்னா பிரிச்சுருதேன். நீங்க அழக்கூடாது."

பாஸா, பெயிலா?

அந்த ஒரு மாசமும் செட்டியார்பட்டி என்று எழுதிய துணிக்கடைப் பையோடு யார் வந்தாலும் செல்வியோ என்று எட்டிப் பார்ப்பேன். கெடு முடிந்து ரிப்போர்ட் வந்தது. உப்பு ஏறவில்லை. புரதம் குறைந்திருந்தது, ஆனால் நான் எதிர்பார்த்த அளவில் பாதிதான். ஜெயித்தால் இது, தோற்றால் இது என்று திட்டம் போட்டிருந்தேனே தவிர, நடுவில் நின்றால் என்ன செய்வதென்று யோசிக்கவே இல்லை. நடைமுறையில் முக்கால்வாசிப் பேர் நிற்பது அந்த நடுவில்தான்.

இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்றேன். அந்த முடிவுக்கு ஆதாரம் கேட்டால், அவள் முகத்தில் வீக்கம் வடிந்து, முதல்முறையாகக் கன்னம் தெரிந்தது என்பதைத் தவிர என்னிடம் ஒன்றுமில்லை. கதவோரம் நின்ற முருகேசன் பெருமூச்சு விட்டார். "பெயில் இல்லைல்லா, அரியர்தான? எழுதிருவோம்."

டப்பாப் பால்

இரண்டிரண்டு வாரமாகத் தள்ளி அரியரை எழுதிவிட்டார்கள். எட்டாம் மாசமே அவசரமாக ஆபரேஷன் செய்யவேண்டி வந்தது. பெண் குழந்தை, ஒரு கைக்குள் அடங்கும் அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தபடி ஊரைக் கூட்டியது. செல்வியின் சிறுநீரகம் தப்பித்தது, ஆனால் நோய் அடங்கவில்லை. இத்தனை நாள் ஒதுக்கி வைத்த நல்ல மருந்தை இனி தள்ளிப்போட முடியாது. அந்த மருந்து சாப்பிட்டால் தாய்ப்பால் கொடுக்கலாமா? பாலில் எவ்வளவு கலக்கும், பிள்ளையை என்ன செய்யும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. அதனால் கொடுக்காதே என்பதுதான் வழக்கம். இவ்வளவு ஆசையாகப் பெற்றவளிடம் அதைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். ஒரு மாசம் பால் கொடுத்துவிட்டு மருந்தைத் தொடங்கலாமா என்றுகூட மனசு தடுமாறியது.

செல்வி பெட்டிக்குள் விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளை அதைப் பிடித்திருந்தது. அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். "மருந்தை இன்னைக்கே எழுதுங்க. பால் டப்பாவுலகூடக் கெடைக்கும் டாக்டரம்மா, நான் கெடைக்க மாட்டேன்லா."

ஆதாரம் இருக்கிற நோய்க்கு மருந்து எழுதுவது எங்கள் வேலை, ஆதாரம் இல்லாத நோய்க்கு நோயாளியின் கூடவே உட்கார்ந்து பயப்படுவதும் எங்கள் வேலைதான். என்ன, இரண்டுக்கும் பீஸ் ஒன்றே.