உயரம் அளந்தவர்

லைப்சிக்கில் நான் ஆராய்ச்சியில் இருந்தபோது, விளையாட்டுப் பள்ளிக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர் மகளின் நீச்சல் குளத்துக்கு வந்தார். ஒல்லியானவர்; யாரைக் கண்டாலும் முதலில் பாதங்களைத்தான் பார்ப்பார். தேர்வானால் பத்து வயது மகள் எங்களைப் பிரிந்து தொலைதூர விடுதியில் தங்க வேண்டும்; அனுப்ப எங்களுக்கு மனமில்லை, மறுப்பதும் எளிதல்ல. அவள் எவ்வளவு வளர்வாள் என்று கணிக்க எங்களையும் சுவரோரம் நிறுத்தி அளந்தார்.

என் ஜெர்மானிய மனைவி, அவருக்குப் புரியாதபடி தமிழில் கிசுகிசுத்தாள்: "முழங்காலை மடக்கு, சீக்கிரம்!"

மடக்கினேன்.

"இந்தச் சுவரோரம் வந்தா எல்லா அப்பாவும் குள்ளமாயிடுறாங்க. நிமிருங்க, டாக்டர்," என்று அவர் சிரித்தார்.

நிமிர்ந்தேன். குறிப்பெடுத்த பெண்ணிடம் என் உயரத்தை நான்கு விரல் குறைத்துச் சொன்னார். மகள் தேர்வாகவில்லை.

நன்றி சொல்ல வாயெடுத்தேன். "அடுத்தவர்!" என்றார். ஏன் குறைத்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.