செவ்வாய்க்கிழமை மாத்திரை

எனக்குக் கோவையாக எழுத வராது. படித்தது அஞ்சாவது வரைதான். பாதி மறந்தும் போகிறது... பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஒரு பொய் சொன்னேன்.

"ஒத்தத் தலைவலி இப்ப எப்படி?" என்றார் டாக்டரம்மா.

"இன்னும் வருதுங்க."

உண்மையில் வலி கடைசியாக வந்து ஆறு மாதம் ஆகிறது. ஆனால் வலி நின்றது என்றால் மாத்திரையை நிறுத்துவார்கள். பிறகு தியாகதுருகத்திலிருந்து மாதாமாதம் பஸ் ஏற எனக்கு என்ன சாக்கு?

நான் போவது சின்னப்பொண்ணைப் பார்க்க. மலைமேல் கரியாலூர்க்காரி. அவளுக்கும் இதே வலி. மாத்திரை வரிசையில் பழக்கம்.

மாத்திரைதான் வேறு. எனக்கு அமிட்ரிப்டிலின், அவளுக்கு ப்ரோப்ரனலால் — சீட்டைப் பார்த்து எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். இரண்டுமே வலி வராமலிருக்கத் தினமும் போடுவது. என்னுடையது தூக்கம் தரும், வாய் காயும். அவளுடையது நாடியை மெதுவாக்கும், கை சில்லிடும். எனக்கு மூச்சு இழுப்பு உண்டு. அதனால் அவளுடைய மாத்திரை எனக்கு ஆகாதாம்.

"உன்துதான் தேவலக்கா. நான் சாமைக்காட்டுக்கு ஏறதுக்குள்ள நாலு எடத்துல குந்திக்கினு போறேன்" என்பாள்.

"நான் அடுப்பாண்டயே தூங்கி வழியறேன்டி. மருமக சிரிக்கிறா."

"சிரிச்சா இன்னா? அவ தலையா வலிக்குது?"

என் வீட்டில் தலைவலி என்றால் "காப்பி குடி" என்பார்கள். "வலிக்கு முன்னாடி கண்ணுல வெளிச்சம் கோடு கோடா ஓடுதாக்கா?" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான்.

அப்புறம் இட ஒதுக்கீட்டு மறியல் வந்தது. ரோட்டில் வெட்டிப் போட்ட மரங்கள். பஸ் இல்லை. அந்த மாதம் இருவருமே போகவில்லை. இப்போது பஸ் ஓடுகிறது. நான் இரண்டு தடவை போய்விட்டேன். அவளைக் காணோம்.

வலி நின்றுவிட்டதா? அவளை வேறு கிழமைக்கு வரச் சொல்லிவிட்டார்களா? அல்லது மாத்திரை தீர்ந்து, மலையில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாளா? அவளுடைய மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக்கூடாது என்று டாக்டரம்மா அவளிடம் சொன்னது என் காதில் விழுந்திருக்கிறது. இவ்வளவு பேசியும் அவள் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டு வைக்கவில்லை நான்.

என் பொய்யை நம்பிய டாக்டரம்மா தினம் ஒரு மாத்திரை என்பதை இரண்டாக்கிவிட்டார். நான் ஒன்றுதான் போடுகிறேன். அடுத்த மாதம் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அதோடு நான் ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதும் முடிந்துவிடும்.

மாத்திரை பற்றி எழுதியது சரியா என்று விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். கரியாலூர் போகிறவர்கள் சின்னப்பொண்ணையும் விசாரியுங்கள்.

வலி இல்லாவிட்டாலும் ஒரு செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்கள்.