பலகையில் எழுதியிருந்த பாஸ்வேர்டு

மகளே, மகனே, ஆதார் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டீர்கள் என்று போன வாரம் உங்கள் இருவரையும் அப்படிக் கத்திவிட்டேன். "அப்பாவுக்கு என்னமோ ஆயிடுச்சு"ன்னு நீங்கள் சமையலறையில் கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. ஆனது உண்மைதான். என்ன ஆனது என்று எழுதிவிடுகிறேன். பன்னிரண்டாவதோடு நின்றவன் நான். அதற்குப் பிறகு ஆறு மாதம் கம்ப்யூட்டர் சென்டர், அவ்வளவுதான். எனக்குப் புரிந்த மாதிரிதான் எழுத வரும்.

செங்கம் சாலையில் நான் வேலை பார்க்கும் விடுதி உங்களுக்குத் தெரியும். முதலாளிக்கு அடி அண்ணாமலையில் இன்னொன்று உண்டு. இரண்டு இடத்திலும் தங்க வருகிறவர்களின் ஆதாரை, பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து, கீழ்பென்னாத்தூரில் அவருடைய கடலை மண்டி அலுவலகத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்கு அனுப்புவோம். பெட்டி என்றால் கோப்புகளைச் சேர்த்துவைக்கும் கம்ப்யூட்டர். அங்கே வேலை பார்க்கும் அம்மா அதிலிருந்து பட்டியல் போடுவார். அனுப்பும் முறைக்கு எஃப்டிபி என்று பெயர். யாரோ எப்போதோ அமைத்துக் கொடுத்தது. ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் தொடவில்லை.

பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வந்தால் முதலாளியின் சொந்தக்காரர்கள் உதவிக்கு வந்து என் நாற்காலியில் மாறி மாறி உட்காருவார்கள். ஒருவர் "வைஃபை என்ன மாமா?" என்பார், இன்னொருவர் "பெட்டிக்கு என்னண்ணே?" என்பார். சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்து, இரண்டுக்கும் ஒரே பாஸ்வேர்டை வைத்துவிட்டேன். வைஃபை பாஸ்வேர்டு சாவி மாட்டும் பலகையில் சாக்பீஸால் எழுதியிருக்கும். பெட்டிக்குள் போகும் பெயரும் எல்லோருக்கும் ஒன்றுதான். அப்போது அதை ஒரு கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தேன்.

ஒரு பௌர்ணமிக்கு முந்தின வாரம்தான் மாடி அறைக்கு ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். ஆதாரை நீட்டியவள் அட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு, "அண்ணா, வூட்டுக்காரரு ஊர் ஊரா தேடிக்கினு இருக்காரு. யாராவது வந்து கேட்டா நான் இங்க இல்லன்னு சொல்வீங்களா?" என்றாள். அவள் கன்னத்தில் ஆறாத காயம் ஒன்று இருந்தது. "என் வாயிலேர்ந்து ஒரு வார்த்த வராதும்மா"ன்னு சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

பௌர்ணமி முடிந்த ஆறாம் நாள், சென்னையிலிருந்து வந்து இரண்டு வாரமாகத் தங்கியிருந்த ஒரு கம்ப்யூட்டர்காரர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. என் மிஷின்ல ஒண்ணு சோதிச்சுட்டிருந்தேன். உங்க யூசர் பேரு, பாஸ்வேர்டு, எல்லாம் இதுல வந்து விழுது."

"எந்தப் பாஸ்வேர்டு?"

அவர் பலகையைப் பார்த்தார். "அதோ, ஊருக்கே எழுதி மாட்டியிருக்கீங்களே, அதான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பலகையை அழிக்கப் போனேன். "அத அழிச்சாலும் வரும் சார். எஃப்டிபி எதையும் மறைக்காது, அப்படியே கத்தும்" என்றார். கிரிவலக் கூட்டத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளிடம், வீட்டுச் சாவி பூத்தொட்டிக்கு அடியில் இருக்கிறது என்று உரக்கச் சொன்னால் எப்படியோ, அப்படித்தானாம். ஒரே வைஃபையில் இருப்பவன் காது கொடுத்தால் போதும். பிறகு அவனும் பெட்டிக்குள் போகலாம், யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு படமாகப் பார்க்கலாம்.

மாடி அறைதான் ஞாபகத்துக்கு வந்தது. என் வாய் மூடியே இருந்தது. என் மேசை ஓயாமல் கத்திக்கொண்டு இருந்திருக்கிறது.

அந்த மனிதரைக் கெஞ்சி உட்கார வைத்தேன். எஸ்எஃப்டிபி என்று வேறொரு முறை இருக்கிறது, அந்தப் பெட்டியிலேயே இருக்கும், திறந்துவிட்டால் போதும் என்றார். அதில் இரண்டு பக்கமும் முதலில் தங்களுக்குள் ஒரு ரகசிய பாஷையை முடிவு செய்துகொண்டுதான் பேசவே ஆரம்பிக்குமாம். வெளியில் கேட்பவனுக்கு வெறும் இரைச்சல். கீழ்பென்னாத்தூர் அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் அந்தப் பக்கம் திறந்தார். என் திரையில் ஒரு நீளமான எழுத்துக்கோவை வந்து, இதுதான் அந்தப் பெட்டியா, சம்மதமா என்று கேட்டது.

"யெஸ் அமுக்குங்க, எப்பவும் அப்படித்தான பண்றோம்?" என்றார் அந்த அம்மா.

"இருங்கம்மா. அது பெட்டியோட கைரேகையாம். உங்க பக்கம் இருக்கறத படிங்க, ஒத்துப் பாக்கணும். நடுவுல வேற எவனாவது பெட்டி மாதிரி நடிச்சா?"

"சின்ன ஏ, பெரிய கே, ஏழு... இதென்னங்க, கல்யாணத்துல ஐயர் சொல்ற மாதிரி இருக்குது. தாலிய எப்ப கட்டுவீங்க?"

கடைசி எழுத்துவரை ஒத்துப்போனது. அதன்பிறகே யெஸ். பழைய எஃப்டிபி வாசலை அடைக்கச் சொன்னேன். விருந்தாளிகளின் வைஃபையைத் தனியாகப் பிரித்தார் சென்னைக்காரர். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. எங்கள் மேசையிலிருந்து படத்தைப் போடலாம், மற்றவற்றைத் திறந்து பார்க்க முடியாது.

"உள்ள யார் வந்து போனாங்கன்னு அதுல பதிவாகுமாம், கொஞ்சம் பாருங்கம்மா" என்றேன்.

அந்த அம்மா பதிவைத் திறந்து தேதி தேதியாகப் படித்தார். "பௌர்ணமி அன்னிக்கு மத்தியானம் யாரோ எல்லாப் படத்தையும் எறக்கியிருக்காங்க. நீங்க இல்லீங்களா?"

நானில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்களைக் கேட்டேன். ஆளாளுக்குத் தான் இல்லை என்றார்கள். பொய்யோ நிஜமோ, யாரைப் பிடிப்பது? அத்தனை பேரும் ஒரே பெயரில் போய்வந்தோம். பதிவில் இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

மாடிப்படியில் இரண்டு முறை பாதிவரை ஏறி இறங்கினேன். வேலை போய்விடுமோ என்பது ஒரு பக்கம். ஒன்றும் ஆகாமலே போகலாமே, வீணாகப் பயமுறுத்துவானேன் என்பது இன்னொரு பக்கம். மூன்றாம் முறை கதவைத் தட்டினேன். நடந்ததை எதையும் குறைக்காமல் சொன்னேன்.

குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே கேட்டாள். "எத்தினி நாள் ஆச்சுண்ணா?"

"ஆறு நாள்மா."

"ஆறு நாள்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கொடியில் கிடந்த துணிகளை உருவ ஆரம்பித்தாள். திட்டியிருந்தால் தேவலை. அரை மணியில் கீழே வந்தாள். ஆட்டோவை வாசலுக்கே வரச் சொன்னேன். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. ஏறும்போது, "சொன்னீங்களே, அது போதும்ணா" என்றாள். எனக்கு அது போதவில்லை. அவள் எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசலில் ஆட்டோ நின்றால் இப்போதும் எழுந்து எட்டிப் பார்க்கிறேன்.

முதலாளியிடமும் சொன்னேன். திட்டினார், வேலையை விட்டுத் தூக்கவில்லை.

அன்று சாயங்காலம் மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. அவள் வந்த அன்று ஸ்கேனர் மக்கர் செய்ததால், அவள் ஆதாரை என் போனிலேயே படம் எடுத்துப் பெட்டிக்கு அனுப்பியிருந்தேன். எடுத்துப் பார்த்தேன். நீங்கள் இருவரும் தேர்ப் பொம்மையோடு நிற்கும் படத்துக்கு அடுத்ததாக அது இருந்தது. அழித்தேன். குப்பைத்தொட்டிக்குள் போய் அங்கேயும் அழித்தேன். பிறகு போனை அணைத்து, திரும்பப் போட்டு, வந்துவிட்டதா என்று மறுபடி முதலிலிருந்து தள்ளித் தள்ளிப் பார்த்தேன்.