மில் களத்தில் ஒரு பொங்கல் ஞாயிறு

2001 ஜனவரி 14, ஞாயிறு. பொங்கல். நாலரைக்கு எழுந்து குளித்து, கிழக்கே பார்த்து மூன்று முறை நீர் விட்டு வணங்கினேன். ஞாயிறுதோறும் சூரியனுக்கு விரதம். அன்று உப்பு சேர்ப்பதில்லை. ஐந்தரைக்குச் சைக்கிளில் புறப்பட்டு, ஐந்து ஐம்பதுக்குப் பாபநாசம் பக்கத்தில் நான் கணக்கெழுதிய அரிசி மில்லில் இருந்தேன்.

ஊறிய நெல்லின் புளித்த வாடை வாசலிலேயே வந்து மோதும். பதினோரு வருடத்தில் அது எனக்குப் பழகவில்லை. சனிக்கிழமை தொட்டியில் ஊறப்போட்டதை ஞாயிறு விடியுமுன் அவித்து, வெயில் ஏறியதும் களத்தில் பரப்பியாக வேண்டும். இல்லையென்றால் நாறிப்போகும். ஞாயிறு லீவு கிடையாது என்று முதலாளி ஒருநாளும் சொன்னதில்லை. சனிக்கிழமை தொட்டியை நிரப்பச் சொல்வார், அவ்வளவுதான். எந்தத் தொட்டி, எத்தனை மூட்டை என்று எழுதிப்போடுகிறவன் நான்.

களத்தில் நெல் தள்ளும் பெண்களில் ஒருத்தி கத்தோலிக்கப் பெண். புருஷன் இறந்துவிட்டான். தைக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம். அதற்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பது அவர்கள் வழக்கம்: இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் திருமணம், ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று. அன்று முதல் ஓலை. ஏழரைப் பூசை.

"ரெண்டு மணி நேரந்தான் மொதலாளி. பேரு வாசிக்கிறப்ப பொண்ணு வீட்டு ஆளுன்னு நான் உக்காந்திருக்கணும்ல?"

"வெயில் எப்ப வரும்னு நீ சொல்லும்மா, விட்டுடுறேன்."

பனி விலகவில்லை. அவித்த நெல் தார்ப்பாய்க்கு அடியில் குவிந்து கிடந்தது. பெண்கள் நெல் தள்ளும் பலகையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் துபாயில ஒம்பது வருஷம் ஞாயித்துக்கிழமைன்னா என்னன்னே தெரியாம வேலை பார்த்தவன்" என்றார் முதலாளி.

"அங்க லீவு வெள்ளிக்கிழமை. அன்னிக்கு இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கினதச் சொல்லலையே மொதலாளி?" என்றார் பாய்லர் ஓட்டும் பாய்.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். பாய்க்கு வெள்ளிக்கிழமை தொழுகைக்கு ஒன்றரை மணி நேரம் உண்டு. பாய்லருக்கு வேறு ஆள் இல்லை. பலகை தள்ள ஊர் நிறைய ஆள் இருக்கிறது. இதைத்தான் முதலாளி எல்லா மதத்துக்கும் மரியாதை என்று வெளியே சொல்லிக்கொள்வார்.

ஏழு மணிக்குக் களத்து நடுவில் பானை பொங்கியது. வெறும் பனியைப் பார்த்து முதலாளி சூடம் காட்டினார். "பகவானே, கொஞ்சம் கண்ணத் தொற" என்றார். எல்லார் கையிலும் இலையில் பொங்கல் வந்தபோது, ஏழரைக்கு, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மாதா கோயில் மணி அடித்தது. அவள் எழுந்து என்னைப் பார்த்தாள். முதலாளி முதுகு காட்டி நின்றிருந்தார்; போயிட்டு வா என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் கையிலிருந்த இலையைப் பார்த்தேன். சர்க்கரைப் பொங்கலில் உப்பில்லை, விரதத்துக்குப் பங்கமில்லை. அந்தப் புளித்த வாடையிலேயே நின்று முழுவதையும் தின்றேன்.

"நாளைக்கு மாட்டுப் பொங்கல் சார்" என்றாள், மறுபடி உட்கார்ந்து. "மாட்டுக்காவது லீவு விட்டுருவீங்கள்ல?"

ஒன்பது மணிக்கு மகள் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். "வாசிச்சிட்டாங்கம்மா. மாப்பிள்ளை வீட்டுல பதினஞ்சு பேரு வந்திருந்தாங்க. நம்ம பக்கம் நான் மட்டுந்தான்."

வெயில் பதினொன்று பத்துக்குத்தான் வந்தது. அதற்குள் குவியலின் அடி வழவழத்து, தொட்ட கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. அதைப் பரப்பி, சாயங்காலம்வரை தள்ளினாள். போகும்போது முதலாளியின் எதிரில் நின்றாள்.

"அடுத்த ஞாயிறு ரெண்டாவது ஓலை. நான் போவேன்."

"போம்மா. நாளைலேர்ந்தே வர வேணாம்."

மறுநாளும் மில் ஓடியது. காலை ஆறு மணிக்கு, வேறு எதையும் தொடுமுன், வருகைப் பதிவேட்டைத் திறந்து அவள் பெயரின் மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டேன்.