விழுந்தவன் எழும்வரை

அவன் என் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கியதுதான் எங்கள் முதல் அறிமுகம். அறுபதுகளின் தொடக்கம். காரைக்குடிக்கு வெளியே ஒரு பொட்டலில் சடுகுடுப் போட்டி. நோட்டீசில் கபடி என்று அச்சடித்திருப்பார்கள். எங்கள் வாயில் அது சடுகுடுதான். எங்கள் ஊர் அணிக்கும் கல்லல் அணிக்கும் ஆட்டம். மூச்சடக்கிச் சடுகுடு பாடி வந்த கல்லல்காரன் நடுவிலேயே மூச்சை விட்டுவிட்டான் என்று நான் கத்தினேன். விடவில்லை என்று பக்கத்தில் நின்றவன் கத்தினான். என் சட்டைப் பொத்தான்கள் தெறித்தன. அவன் உதடு கிழிந்தது. இருவருக்கும் இருபது வயதிருக்கும்.

அப்போது நான் ரயிலடியில் பார்சல் ஆபீசில் வேலை பார்த்தேன். சில வாரங்கள் கழித்து நிலக்கடலை மூட்டை அனுப்ப அவன் அங்கே வந்து நின்றான். என்னைப் பார்த்ததும், "அவன் மூச்சு விடல" என்றான்.

"விட்டான்" என்றேன்.

டீக்கடைக்குப் போய் அதையே பேசினோம். தீரவில்லை. அடுத்த முறை சந்தைக்கு வந்தபோது மிச்சத்தைப் பேச வந்தான். அப்படித்தான் நண்பர்களானோம். ஆட்டம் எங்கே என்றாலும் இரண்டு சைக்கிளில் ஒன்றாகப் போவோம். போய்ச் சேர்ந்ததும் அவன் கல்லல் பக்கம், நான் காரைக்குடிப் பக்கம். தோற்றவனை ஜெயித்தவன் வழியெல்லாம் கேலி செய்துகொண்டே வருவான். என் கல்யாணப் பந்தியில்கூட நாங்கள் பேசியது நாட்டரசன்கோட்டையில் நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றித்தான்.

அவனுக்கு ஒரு தம்பி. ரொம்ப இளையவன். தகப்பன் இல்லாத வீடு. இவன்தான் தூக்கி வளர்த்தான். அந்தப் பையன் மீசை முளைக்கும் முன்பே கல்லல் அணியில் பாடிப் போக ஆரம்பித்தான். ஒல்லியான உடம்பு, பாம்பு மாதிரி நழுவுவான். அவன் பாடி வரும்போது எங்கள் பக்கத்தில் நின்றுகொண்டே, மாட்டாமல் திரும்பிவிட மாட்டானா என்று உள்ளுக்குள் நினைப்பேன். முப்பது வயதை நெருங்கும்போது என் ஊர் என்னும் வெறி எனக்குக் கொஞ்சம் தேய்ந்திருந்தது. நண்பனுக்கோ தம்பியால் அது இன்னும் ஏறியிருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாசி மாதம், சிவகங்கைச் சாலையில் ஒரு கிராமத்துத் திருவிழாவை ஒட்டி எங்கள் ஊருக்கும் கல்லலுக்கும் ஆட்டம். அறுப்பு முடிந்த வயலைச் சமன்படுத்திக் கோடு போட்டிருந்தார்கள். மேலே மணல் போடவில்லை. வெயிலில் தரை ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. தம்பி பாடிப் போனான். ஒருவனைத் தொட்டான். தன் பக்கம் திரும்பப் பார்த்தான்.

"இன்னொண்ணு தொடுடா!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணனின் குரல் கேட்டது.

தம்பி மறுபடி உள்ளே பாய்ந்தான். எங்கள் பிடிக்காரர், மில்லில் வேலை பார்த்தவர், அவன் கெண்டைக்காலைப் பிடித்தார். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். எங்கள் பக்கம் ஒரே ஆரவாரம். எல்லோரும் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டார்கள், அவன் எழவில்லை. நடிக்கிறான் என்று யாரோ சிரித்தார்கள். நான் கோட்டைத் தாண்டி ஓடினேன். எனக்கு முன்னால் அண்ணன் போய்ச் சேர்ந்திருந்தான்.

"கை எங்க இருக்குன்னு தெரியலண்ணே" என்றான் தம்பி. குரலில் வலிகூட இல்லை.

வழியில் போன லாரியை மறித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். கழுத்தெலும்பு முறிந்து நரம்பு நசுங்கிவிட்டது என்றார்கள். சில வாரம் வைத்திருந்து, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கழுத்துக்கு மேலே மட்டும் உயிர் இருந்தது.

கல்லல் வீட்டின் முதல் அறையில் அவனுக்கு வாழையிலை விரித்த படுக்கை. அண்ணனும் அண்ணன் மனைவியும் மாறி மாறிப் புரட்டிப் படுக்க வைத்தார்கள். அப்படியும் முதுகில் புண் வந்தது. அறையில் சாம்பிராணியை மீறி ஒரு வாடை நின்றது. விடுமுறை நாளில் நான் போனால் நண்பன் மாட்டைப் பற்றிப் பேசுவான், மழையைப் பற்றிப் பேசுவான். சடுகுடு என்ற சொல்லே அந்த வீட்டில் எழாது.

ஒருநாள் அவன் வயலுக்குப் போயிருந்தபோது தம்பி மெதுவாகக் கேட்டான்:

"ஆட்டம் பாக்கப் போறீகளாண்ணே?"

"இல்லப்பா. விட்டாச்சு."

"போங்கண்ணே. போயி வந்து சொல்லுங்க. இந்த உத்தரத்தையே எம்புட்டு நேரந்தான் பாத்துக்கிட்டுக் கெடக்குறது?"

அதற்காகப் போகத் தொடங்கினேன். யார் ஜெயித்தார்கள் என்பது எனக்குப் பொருட்டில்லாமல் போயிற்று. யார் எந்தக் காலை முன்னால் வைத்தான், எப்போது குனிந்தான், பிடித்தவன் கை எங்கிருந்து வந்தது என்று பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு வந்து சொல்வேன். வார்த்தை போதாமல் ஒருமுறை வேட்டியை மடித்துக் கட்டி, அந்தச் சின்ன அறையிலேயே பாடிக் காட்டினேன். அவன் கண்கள் என் கால்களோடு அலைந்தன.

"மூச்சு வாங்குது உங்களுக்கு. ஒக்காருங்கண்ணே" என்று சிரித்தான்.

சத்தம் கேட்டு வாசலில் நண்பன் வந்து நின்றதை அப்போதுதான் பார்த்தேன். மடித்த வேட்டியை இறக்கிவிட்டேன். அவன் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் ஊர்ப் பிடிக்காரர் என்னோடு கல்லலுக்கு வந்தார். அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவர் களத்தில் இறங்கவே இல்லை. தெருவிலேயே நின்றவரை, "உள்ள வாங்கண்ணே" என்று நண்பனின் மனைவிதான் அழைத்தாள். உள்ளே வந்தவர் கட்டிலைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தம்பிதான் பேசினான். "நல்ல பிடிண்ணே அது. நான் நழுவிருவேன்னு நெனச்சேன். விடலையே நீங்க."

அவர் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு வெளியே போனார். வாசலில் நின்ற நண்பன் அவரை அடித்துவிடுவானோ என்று நான் பயந்தேன். அவன் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். பிறகு மாட்டுக் கொட்டகைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதற்கடுத்த ஐப்பசியில் காய்ச்சல் கண்டு, புண் புரையோடி, தம்பி இறந்துபோனான். தூக்கியபோது கனமே இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு நண்பன் என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னான்: "நான் கத்தாம இருந்திருந்தா திரும்பியிருப்பான், மாப்ள." அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டான். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 

ஒரு வருடத்துக்கு மேல் அவன் காரைக்குடிப் பக்கமே வரவில்லை. நான்தான் போய்ப் போய்ப் பார்த்து வந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் சைக்கிள் மணி கேட்டது.

"இன்னைக்கு எங்குட்டு ஆட்டம்?" என்றான்.

ஆத்தங்குடிப் பக்கம் என்றேன். இரண்டு சைக்கிளிலும் கிளம்பினோம். போய்ச் சேர்ந்ததும் முதலில் களத்துக்குள் இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தரையை அழுத்திப் பார்த்தான். போட்டி நடத்துகிறவர்களைக் கூப்பிட்டு மணல் போடச் சொன்னான். "நேரமாச்சுங்க" என்றார்கள். "ஆகட்டும். மணல் போட்டுட்டு ஆடுங்க" என்று நடுக்கோட்டிலேயே நின்றுகொண்டான். அவன் யார் என்று யாரோ காதோடு சொல்லியிருக்க வேண்டும். வண்டியில் மணல் வந்தது.

அன்றைக்கு இருவரும் ஒரே பக்கம் உட்கார்ந்தோம். சுற்றிலும் இளவட்டங்கள் தொண்டை கிழியக் கத்தினார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. யாராவது பிடிபட்டு விழுந்தால் மட்டும் எழுந்து நிற்பான். அடியில் கிடந்தவன் எழுந்து இரண்டடி நடந்த பிறகுதான் உட்காருவான். பின்னாலிருந்தவர்கள் மறைக்கிறது என்று திட்டினார்கள். இரண்டாவது தடவை அவனோடு நானும் எழுந்து நின்றேன்.

எழுபதுகள் முடியும்வரை அப்படித்தான் போய் வந்தோம். எங்கள் ஊர் ஜெயித்ததா, அவன் ஊர் ஜெயித்ததா என்று வீட்டில் கேட்டால் சிலசமயம் எனக்கே சொல்லத் தெரியாது. ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்தாலும் நாங்கள் உடனே கிளம்புவதில்லை. பையன்கள் எல்லோரும் சட்டையை மாட்டிக்கொண்டு தெருப்பக்கம் நடந்து போகும்வரை அவன் பார்த்துக்கொண்டிருப்பான். அதற்குப் பிறகுதான், "சரி, வா மாப்ள" என்று சைக்கிளை எடுப்பான்.